காணாமற்போகும் வன்தட்டு

மடிக்கணினியை இயக்குகிறோம். வழக்கமான திரை வரவில்லை. வன்தட்டு எதுவும் இல்லை என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு மட்டும் வருகிறது. தட்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆயினும் கணினிக்கு அது தெரியவில்லை. ஏன்?

முதலில் வன்தட்டின் அமைப்பைக் காண்போம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய கருவியில் பதியக்கூடியவை சுமார் 50 இலட்சம் எழுத்துகளே! மடிக்கணினியில் இருப்பதோ உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல வகை. அதனுள் காந்தப் பூச்சுடைய தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. அப்போது தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. பதிவுகளைப் படிக்கும் காந்தத் தலை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிப்போ பல்லாயிரம் நானோமீட்டர்!

‘உள்ளேன் ஐயா!’

வகுப்பில் ஆசிரியர் பெயரை அழைக்க, மாணவன் ‘உள்ளேன் ஐயா’ என்கிறான். கணினியும் இவ்வாறே தன் உறுப்புகளை அழைக்கிறது. வன்தட்டு தன் வகைப்பெயர், வரிசை எண், கொள்ளளவு ஆகியவற்றைக் கூறவேண்டும். அதற்குமுன் மின்சாரம் வரவேண்டும்; மோட்டார் சுழலவேண்டும்; தலை தட்டின்மேல் வந்து வழிகாட்டிக் குறிகளைப் படிக்கவேண்டும். தட்டு இயங்குவதற்கான கட்டளைகளின் ஒரு பகுதியே தட்டின்மேல்தான் பதிவாகியிருக்கிறது. இவற்றுள் ஒன்று தவறினும் பதில் வராமற்போகலாம்.

சோதிக்கும் வரிசை

முதலில் ‘பயாஸ்’ திரையைப் பாருங்கள். அங்கே தட்டின் பெயர் இருந்தால் பதில் வந்துவிட்டது எனலாம். பழுது பெரும்பாலும் பதிவுகளின் ஒழுங்கமைப்பில் இருக்கும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால் உடன்படாதீர்கள்.

பெயர் இல்லையெனில் மின்தொடர்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்றியபின், தட்டின் இணைப்பை எடுத்து மீண்டும் பொருத்துங்கள். இது அற்பச் செயலன்று. தட்டு சுழலத் தொடங்கும்போது சுமார் 1 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. தளர்ந்த இணைப்பில் 0.5 ஓம் தடை ஏற்பட்டால், ஓம் விதிப்படி 0.5 வோல்ட் இழப்பாகும். 5 வோல்ட்டில் 5 விழுக்காடு, அதாவது 0.25 வோல்ட் குறைவையே இத்தகைய தட்டுகள் பொதுவாகப் பொறுக்கும். ஆகவே நல்ல தட்டும் எழும்பாமல் நின்றுவிடலாம்.

அடுத்து, யு.எஸ்.பி. இணைப்பானின் உதவியால் வேறொரு கணினியில் சோதியுங்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 வாயில் 0.5 ஆம்பியரே தரவல்லது. ஆதலால் இரண்டு செருகிகள் உள்ள வடம் நல்லது. அங்கே தட்டு தெரிந்தால் குறை மடிக்கணினியின் வடத்திலோ வாயிலிலோ உள்ளது.

அங்கும் தெரியாவிடில் காதைப் பயன்படுத்துங்கள். ஒலியே இல்லையெனில் மின்சுற்றுப் பலகை பழுதாகியிருக்கலாம். மெல்லிய முனகல் கேட்டால், தலை தட்டில் ஒட்டிக்கொண்டோ அச்சு இறுகியோ மோட்டார் திணறுகிறது. ‘டிக், டிக்’ என்ற ஒலி வந்தால், தலை குறிகளைத் தேடிக் காணாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. நகரும் உறுப்புகளற்ற எஸ்.எஸ்.டி. வகையில் இவ்வொலிகள் இரா. முந்தைய சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

செய்யக் கூடாதவை

‘டிக்’ ஒலி கேட்டதும் மின்சாரத்தை நிறுத்துங்கள். பழுதடைந்த தலை ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட பதிவை எவராலும் மீட்க இயலாது. மூடியைத் திறக்காதீர்கள், புகைத் துகள்கூட அந்த நானோமீட்டர் இடைவெளியைவிடப் பெரியது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பாரும் உளர்; வெளியே எடுத்ததும் தட்டின்மேல் நீர்த்துளி படியும் என்பதே இயற்பியல் கூறுவது. மற்றொரு தட்டின் மின்சுற்றுப் பலகையை மாற்றினாலும் பெரும்பாலும் பயனில்லை. ஒவ்வொரு தட்டுக்குமுரிய தனி அளவீடுகள் அதன் பலகையிலேயே பதிந்துள்ளன.

தட்டை வேறு வாங்கலாம். ஆய்வேட்டையும் குடும்பப் படங்களையும் வாங்க முடியாது. பழுதான தட்டு மீண்டும் ஒருமுறை பதில் சொன்னால், பழுது பார்ப்பதைத் தள்ளிவைத்து, முக்கியமான கோப்புகளை உடனே வேறிடத்தில் படியெடுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது அது பதில் சொல்லும் என்பதற்கு உறுதியில்லை.