தலைக்கவசமும் மூளையின் பாதுகாப்பும்

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், மும்பை மாதுங்காவிலுள்ள தட்கர் மைதானத்தில் ஒரே சமயத்தில் இரண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. ஓர் ஆட்டத்தில் பந்தைத் தடுக்க நின்றிருந்த 52 வயதுடைய ஒருவரின் தலையில், அருகிலிருந்த மற்றோர் ஆட்டத்தின் பந்து தாக்கியது. காதின் பின்புறத்தில் அடிபட்ட அவர் உயிர் இழந்தார். மாலை வேளையில் கல்யாண், செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளின் திடல்களைப் பார்த்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. இடம் சிறிது, ஆடுவோர் பலர், ஒருவரது ஆட்டத்தின் எல்லைக்குள் மற்றொருவரது ஆட்டம் புகுந்துவிடுகிறது.

தலைக்காயத்தின் கொடுமையை இந்தியக் கிரிக்கெட் உலகம் இதற்கு முன்பே அறிந்திருந்தது. 1962-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பார்படாஸ் தீவில் நடந்த ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. கபாலம் பிளந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் அளித்தவர்களுள் எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரெலும் ஒருவர். கான்ட்ராக்டர் பிழைத்தார்; எனினும் அவர் மீண்டும் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடவில்லை. அக்காலத்தில் பந்தடிப்போர் தலைக்கவசம் அணிவதில்லை. 1970-களின் பிற்பகுதியில்தான் அவ்வழக்கம் பரவியது.

கவசம் செய்யும் வேலை யாது?

மூளை கபாலத்துக்குள் ஒரு திரவத்தில் மிதந்தவாறு அமைந்துள்ளது. தலை திடீரென்று நிறுத்தப்படும்போது, கபாலம் நின்றாலும் மூளை தன் இயக்கத்தைத் தொடர முயல்கிறது. ஆகவே வேகத்தைவிட, வேகம் எத்துணைத் தூரத்தில் தணிகிறது என்பதே முக்கியம்.

ஒரு கணக்கைக் காண்போம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர் வேகத்தில் இருக்கும். கடினமான தரையில் அது 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சராசரி வேகத்தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1000 மடங்காகும். அதே தலை 25 மில்லிமீட்டர் தூரம் நசுங்கும் மெத்தையின் உதவியால் நின்றால், அது 80 மடங்காகக் குறைகிறது. கவசத்தின் உட்புறத்திலுள்ள தெர்மோகோல் போன்ற பொருள், நசுங்குவதன் மூலம் இந்தத் தூரத்தை அளிக்கிறது. வெளிப்புறத்திலுள்ள கெட்டியான ஓடு, அடியை ஓரிடத்தில் குவியவிடாமல் பரவச் செய்கிறது. இருசக்கர வாகனக் கவசத்தின் உள்மெத்தை ஒருமுறை நசுங்கினால் பழைய நிலையை அடைவதில்லை. எனவே விபத்தில் அடிபட்ட கவசத்தை, வெளியே பழுது தெரியாவிடினும் மாற்றிவிட வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து தந்த அனுபவம்

தலைக்கவசத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது அமெரிக்கக் கால்பந்து. அவ்வாட்டத்தில் வீரர்கள் ஒருவரோடொருவர் பலமுறை மோதுவதால், அடிபட்டபின் மீண்டும் விரியும் மெத்தையே அவர்களது கவசத்துக்கு ஏற்றது. கல்லூரி ஆட்டங்களில் 1939-இலும், தொழில்முறைச் சங்கத்தில் 1943-இலும் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. கபால முறிவுகளைத் தடுப்பதில் அது பெரிதும் பயன்பட்டது. ஆனால் தலை பாதுகாப்பாக உள்ளது என்ற துணிவினால், வீரர்கள் கவசத்தையே ஆயுதமாகக் கொண்டு தலையால் முட்டத் தொடங்கினர். 1968-ஆம் ஆண்டில் ஆட்டக் காயங்களால் 36 பேர் மாண்டனர். 1969-இல் கவசங்களுக்குத் தர நிர்ணயம் செய்யும் குழு அமைக்கப்பட்டது; 1976-இல் தலையால் முட்டுவது விதிப்படி தடுக்கப்பட்டது. அதன்பின் இத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கருவியும் விதியும் சேர்ந்தே உயிரைக் காத்தன என்பது இதிலிருந்து புலனாகிறது.

கவசத்தால் இயலாதவை

நேரான அடியைத் தணிக்கும் அளவுக்கு, தலையைத் திருகும் அடியைக் கவசம் தணிப்பதில்லை. தலை சட்டென்று சுழலும்போது மூளையின் மென்மையான இழைகள் இழுபடுகின்றன. 1943-இல் ஹோல்போர்ன் என்ற ஆக்ஸ்போர்டு அறிஞர், கூழ்ம மாதிரிகளைக் கொண்டு இதனை விளக்கினார். மூளையதிர்ச்சிக்கு இச்சுழற்சியே பெரும் காரணமாகக் கருதப்படுகிறது. மேலும், 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹ்யூஸ் கவசம் அணிந்தே ஆடினார். பந்து அவரது கழுத்தின் பக்கத்தில், கவசம் மறைக்காத இடத்தில் பட்டதால் இறந்தார். அதன் விளைவாகப் பிடரிப் பாதுகாப்புத் துண்டுகள் பரவலாயின. 2019 ஆகஸ்டு முதல், மூளையதிர்ச்சி அடைந்த வீரருக்கு மாற்றாக வேறொருவர் முழுமையாக ஆடுவதற்குச் சர்வதேசக் கிரிக்கெட் கழகம் அனுமதி அளித்துள்ளது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கவை

மாணவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அகலமான கிண்ணத்தில் நீர் ஊற்றி, சில வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டுக் கிண்ணத்தைச் சட்டென்று திருப்புக. கிண்ணம் திரும்பும், துண்டுகளோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். மூளை கபாலத்துக்குப் பின்தங்குவதும் இவ்வாறே.

கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். பள்ளிச் சிறுவன் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் பந்திலுள்ள ஆற்றல், 5 கிலோ எடையுள்ள கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்கு ஏறக்குறைய ஒப்பாகும். அது முழுவதும் தலைக்குள் செல்வதில்லை எனினும், கடினமான பந்தைக் கவசமின்றி எதிர்கொள்ளலாகாது என்பதற்கு இக்கணக்கே போதும். பந்தடிப்பவரும் விக்கெட் காப்பவரும் மட்டுமன்றி, மட்டைக்கு மிக அருகில் நிற்பவரும் கவசம் அணிய வேண்டும். 1998-இல் டாக்காவில் அவ்வாறு கவசமின்றி நின்ற இந்திய வீரர் ராமன் லாம்பா, தலையில் பந்து பட்டு மூன்றாம் நாள் உயிரிழந்தார்.

தலையில் அடிபட்ட சிறுவன் எழுந்து நின்று, "ஒன்றுமில்லை, சார்" என்று கூறினாலும் அன்று அவனை மீண்டும் ஆடவிடலாகாது. தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், கண்மணிகள் அளவில் வேறுபடுதல், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

இறுதியாக, ஒரே திடலில் இரண்டு ஆட்டங்களை அருகருகே நடத்துவதைத் தவிர்ப்பது பள்ளி நிர்வாகத்தின் கையில் உள்ளது. மாதுங்காவில் மாண்டவர் எதிர்நோக்கிய பந்து வேறு. அவரைத் தாக்கிய பந்து வேறு. அத்தகைய அடியைத் தடுக்கக் கவசத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. போதிய இடைவெளி தடுத்திருக்கும்.