வால்வில் படியும் கரியும் பெட்ரோல் செல்லும் வழியும்

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பொழுது புலர்வதற்கு முன்பே புறப்பட்டுவிடுகின்றனர். 1924ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆயினும், அதனைக் கடக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாகும் நாள்களும் உண்டு. அந்நேரம் முழுவதும் வண்டி நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வாறு சில ஆண்டுகள் உழைத்த வண்டி, ஒரு நாள் காலையில் இயக்கியவுடன் நடுங்குகிறது. மேட்டில் ஏறுகையில் இழுவை குறைகிறது. பெட்ரோலும் முன்னைவிட விரைவில் தீர்கிறது. பட்டறையில் காட்டினால், “வால்வில் கரி பிடித்திருக்கலாம்” என்கின்றனர். பெட்ரோல் நிலையத்திலோ, தொட்டியில் ஊற்றினால் எஞ்சின் தூய்மையாகும் என்று கூறும் சிறு புட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

அப்புட்டியை வாங்கலாமா? இவ்வினாவிற்கு விடை காண நாம் பொறியியல் வல்லுநராக இருக்க வேண்டுவதில்லை. ‘இந்த வண்டியில் பெட்ரோல் எந்த வழியாக எஞ்சினுக்குள் நுழைகிறது?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வால்வைப் பற்றி அறிவோம். இதனைத் தமிழில் ‘ஓரதர்’ என்றும் வழங்குவர். ‘அதர்’ என்னும் பழஞ்சொல்லுக்கு வழி என்பது பொருள். எஞ்சினில் எரிதல் நிகழும் இடம் உருளை. ஒவ்வோர் உருளையின் மேலும் இருவகை வால்வுகள் அமைந்துள்ளன. ஒன்று காற்றை உள்ளே விடும். மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றும். தலைகீழாகப் பிடித்த காளானைப் போன்றது வால்வின் வடிவம். நிக்கோலஸ் ஒட்டோ 1876ஆம் ஆண்டில் செயற்படுத்திக் காட்டிய நான்கு அடி முறையில், எஞ்சின் இருமுறை சுழன்றால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். பாலத்தில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு வால்வும் 24,000 முறை திறந்து மூடியிருக்கும்.

அதன்மேல் படிவது எது? ‘கரி’ என்றதும் விறகடுப்பின் புகைக்கரி நம் நினைவிற்கு வரும். காற்றை உள்ளே விடும் வால்வில் படிவது பெரும்பாலும் அத்தகையதன்று. பலகாலம் புழங்கிய வாணலியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். எண்ணெய் வழிந்து, சூட்டில் காய்ந்து, அதன்மேல் மீண்டும் வழிந்து காய்ந்து, சுரண்டினாலும் வராத கறுப்பு ஏடாக இறுகியிருக்கும். வால்வின் முதுகில் உருவாவதும் அதுவே. நம் நாட்டில் பேச்சு வழக்கில் ‘கறுப்பெண்ணெய்’ எனப்படும் எஞ்சின் எண்ணெய், சூட்டில் மெல்லிய ஆவியாகவும் நுண்துளியாகவும் மாறுகிறது. பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து கீழிறங்கும் வாயுக்கள் அதனோடு கலக்கின்றன. இக்கலவையை வெளியே விட்டால் சூழல் மாசுபடும். ஆகவே அதனை மீண்டும் உள்ளிழுக்கும் காற்றோடு சேர்த்து எரித்துவிடுமாறு வண்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. சூழலுக்கு நன்மை தரும் இவ்வேற்பாடே, போகும் வழியில் வால்வின்மீது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்கிறது.

எனில், இது பழைய வண்டிகளில் பெருஞ்சிக்கலாக இல்லாதது ஏன்? பெட்ரோல் சென்ற வழியே அதற்குக் காரணம். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. அதில் பெட்ரோல் காற்றோடு கலந்து, வால்வைத் தழுவிக்கொண்டே உருளைக்குள் சென்றது. பின்னர் வந்த முறையில், ஒரு நுண்குழாய் வால்வின் முதுகை நோக்கிப் பெட்ரோலைத் தெளித்தது. பெரோடுவா மைவி முதலிய பல வண்டிகளில் இம்முறையே உள்ளது. இவ்விரு முறைகளிலும் பெட்ரோல், எரிபொருளாக மட்டுமன்றி, வால்வைக் கழுவும் நீர்மமாகவும் பயன்பட்டது. பெட்ரோலில் சேர்க்கப்படும் தூய்மையாக்கும் பொருள்களும் அங்கே தம் வேலையைச் செய்தன.

மூன்றாவது முறை நேரடித் தெளிப்பு. மிட்சுபிஷி நிறுவனம் 1996ஆம் ஆண்டில் இதனைப் பெருமளவில் விற்பனையாகும் வண்டிக்குக் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்70 வண்டியிலும் இம்முறை இடம்பெற்றது. இங்கே பெட்ரோல் மிகுந்த அழுத்தத்துடன் உருளைக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. தெளித்த பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. அதனால் காற்றை இன்னும் இறுக்கமாக அழுத்த இயலும். குறைந்த பெட்ரோலில் கூடுதல் ஆற்றல் கிட்டும். இது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. வால்வின் வழியாக இப்போது காற்று மட்டுமே செல்கிறது. எண்ணெய்ப் பசை முன்போலவே வருகிறது. அதனைக் கழுவப் பெட்ரோல் வருவதில்லை.

புட்டியைப் பற்றிய வினாவிற்கு விடை இப்போது தானே விளங்கும். பெட்ரோல் வால்வின்மீது பாயும் வண்டியில், தொட்டியில் ஊற்றும் தரமான மருந்து வால்வைச் சென்றடையும். ஓரளவு பயன் தரலாம். நேரடித் தெளிப்பு வண்டியிலோ அம்மருந்து பெட்ரோலைத் தெளிக்கும் குழாயின் முனையையும் உருளையின் உட்புறத்தையும் தொடுமேயன்றி, காற்று வால்வின் முதுகைத் தொடாது. எத்தனை புட்டிகள் ஊற்றினாலும் இவ்வுண்மை மாறாது.

‘வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டினால் கரி எரிந்துவிடும்’ என்னும் அறிவுரையையும் நாம் கேட்டிருப்போம். புகையை வெளியேற்றும் வால்வு கடுஞ்சூட்டில் இயங்குவதால் அதற்கு இது ஓரளவு பொருந்தும். காற்றை உள்ளே விடும் வால்வோ, உள்வரும் காற்றால் குளிர்ச்சி பெறுவது. அதில் இறுகிய படிவு எரிந்து நீங்கும் அளவிற்குச் சூடு ஏறுவதில்லை. எனினும், எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டுவதால், எண்ணெயில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி நீங்கும். எண்ணெய் விரைவில் கெடாது.

படிந்துவிட்ட கரியை நீக்குமுன் அது உண்மையில் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், பழுதுற்ற தீப்பொறிச் சுருளும், காற்றுக் கசிவும் இதே நடுக்கத்தை உண்டாக்கக் கூடியவை. மெல்லிய குழாயின் நுனியில் பொருத்திய சிறு கேமராவை உள்ளே செலுத்தினால் வால்வின் நிலையைக் கண்ணாலேயே காணலாம். அப்படத்தைக் காட்டுமாறு பட்டறையில் கேட்பது நம் உரிமை.

படிவு மிகுதியாக இருப்பின், காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றி, அக்ரூட் கொட்டை ஓட்டின் தூளை அழுத்தக் காற்றால் வால்வின்மீது பாய்ச்சுவர். அத்தூள் படிவைப் பெயர்க்கும் அளவிற்குக் கடினமானது. உலோகத்தைக் கீறாத அளவிற்கு மென்மையானது. அவ்வேளையில் அந்த வால்வு முழுமையாக மூடியிருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் தூளும் கரித்துண்டும் உருளைக்குள் விழுந்து கேடு விளைவிக்கும். ஆகவே இது பழகிய கைகள் செய்ய வேண்டிய பணி.

வருமுன் காத்தலில் முதலிடம் எஞ்சின் எண்ணெய்க்கே உரியது. குறிப்பிட்ட தரத்திலான எண்ணெயை, குறித்த அளவிற்கு மிகாமல் ஊற்றி, காலம் தவறாமல் மாற்றுதல் வேண்டும். இங்கே ஜொகூர்வாழ் மக்கள் கருதத்தக்க ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றும் காலத்தை நாம் கிலோமீட்டரால் கணக்கிடுகிறோம். பாலத்தில் நின்ற ஒரு மணி நேரத்தில் எஞ்சின் உழைத்தது. ஓடிய தொலைவைக் காட்டும் கருவியோ ஒரு கிலோமீட்டரையே பதிவு செய்தது. நெடுநேரம் நின்றபடி இயங்கும் வண்டிகளைக் கடும் பயன்பாட்டிற்கு உட்பட்டவை எனக் கருதி, அவற்றிற்குக் குறுகிய இடைவெளியைப் பரிந்துரைக்கும் கையேடுகள் பல உள்ளன. அப்பக்கத்தை நாம் படித்துப் பார்த்தல் நலம்.

உற்பத்தியாளர்களும் தீர்வு கண்டுள்ளனர். டொயோட்டா நிறுவனம் 2005ஆம் ஆண்டில், உருளைக்குள் ஒரு தெளிப்பானும் வால்வுக்கு முன்னே மற்றொரு தெளிப்பானும் கொண்ட இரட்டை முறையை அறிமுகப்படுத்தியது. இழந்த கழுவுதல் இதனால் மீண்டும் கிட்டியது.

இதனை வகுப்பறைக்கும் கொண்டு செல்லலாம். தத்தம் வீட்டு வண்டியில் பெட்ரோல் செல்லும் வழியைக் கையேட்டில் கண்டறிந்து, படம் வரைந்து, தமிழில் பெயரிட்டு வருமாறு மாணவர்களைப் பணிக்கலாம். அப்படத்தைப் பெற்றோரிடம் விளக்கிச் சொல்லும் மாணவர், அறிவியல் பாடத்தையும் கற்றிருப்பார். பயனற்ற புட்டிக்குச் செல்லவிருந்த குடும்பப் பணத்தையும் காத்திருப்பார்.