வெந்நீர்க் கிணற்றடியில் விருந்தினர்

அரசலாறு கடலோடு கலக்கும் நம் காரைக்கால் மண்ணில் குளங்கள் உண்டு, வாய்க்கால்கள் உண்டு, கேணிகள் உண்டு. மலை இல்லை, மலையடியில் பிறக்கும் சுனையும் இல்லை. வெந்நீர் வேண்டுமானால் நாம் அடுப்பைத்தான் மூட்டவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும், மூட்டுவலியால் முடங்கிய முதியவருக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்த குழந்தைக்கும் அண்டாவில் நீர் காய்ச்சி, நொச்சியிலை இட்டு, சூடு பார்த்து ஊற்றுவது நம் இல்லங்களில் அன்புப்பணியாகவே இருந்துவருகிறது. விறகும் அடுப்பும் இன்றி மண்ணே நீரைக் காய்ச்சித் தரும் இடம் ஒன்று உண்டு என்று கேட்டால் நம்மவருக்கு ஆவல் பிறப்பது இயல்பே.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கப்பெற்றது. சில நாள்களிலேயே நின்றுபோன அச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அதுமுதல் பங்குக் குடும்பங்கள் பல நம்மிடம் வந்து, "மடு அன்னையைத் தரிசித்துவிட்டு, திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து வரலாமா? எங்கே தங்குவது?" என்று வினவுகின்றன. இவ்வினாக்களுக்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும், இவற்றோடு நாம் கேட்டுக்கொள்ளவேண்டிய வேறொரு வினாவும் உண்டு. பலருக்கும் பொதுவான நீரண்டை விருந்தினராகச் செல்பவர் அங்கே எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும்?

மண் காய்ச்சும் நீர்

திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், அனுராதபுரம் செல்லும் சாலையை ஒட்டி, கன்னியா அமைந்துள்ளது. சதுர வடிவில் கட்டப்பட்ட சிறு கிணறுகள் ஏழு. ஆழம் மூன்று நான்கு அடிதான். அடித்தரை கண்ணுக்குத் தெரியும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை முதல் 41 பாகை வரை இருக்கும். ஒவ்வொரு கிணற்றுக்கும் சூட்டில் சிறு வேறுபாடு உண்டு என்பதே அங்குச் செல்வோரை வியக்கவைப்பது.

இலங்கையில் எரிமலை இல்லையே, நீர் சுடுவது எங்ஙனம் என்று கேட்கலாம். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். அவ்வாழத்தில் சூடேறிய நீர், வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலேறினால், ஆறுமுன் தரையை அடைந்துவிடுகிறது. இலங்கையின் நடுப்பகுதிப் பழம்பாறைகளும் கிழக்குப்பகுதிப் பாறைகளும் ஒன்றையொன்று தொடும் எல்லையை ஒட்டியே அந்நாட்டின் வெந்நீர் ஊற்றுகள் பலவும் அமைந்துள்ளன. அம்பாறை மாவட்டத்து மகாஓயாவில் நீர் கன்னியாவைவிடக் கூடுதலாகச் சுடும்.

இந்த அறிவியலுக்கு முன்பே மக்கள் தமக்கென ஒரு கதை வைத்திருந்தனர். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்ற நீர் வேண்டித் தரையில் ஏழிடங்களில் குத்தினான். அங்கெல்லாம் வெந்நீர் பீறிட்டது என்பது அக்கதை. அக்கதையின் வழிவந்ததே, இறந்தோருக்கு முப்பத்தொன்றாம் நாள் கடனை அங்கே ஆற்றும் இந்துத் தமிழரின் வழக்கம். ஆகவே கன்னியா சுற்றுலாத்தலம் மட்டுமன்று. பிள்ளைகள் தாயை நினைத்து அழும் துறையுமாகும்.

நாம் கண்டது

சென்ற ஆண்டு நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு நாம் அங்கே சென்றிருந்தோம். கிணற்றடியில் எவரும் தங்குவதில்லை. திருகோணமலை நகரிலோ, உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளிலோ உள்ள விடுதிகளில் தங்கி, காலையில் சென்று திரும்புவர். நாமும் நிலாவெளியில் இரண்டு இரவுகள் தங்கினோம். வெயில் ஏறுமுன் செல்லுமாறு விடுதிக்காரர் கூறிய அறிவுரை மிகவும் உதவியது. கூட்டம் குறைவு, நீரின் இதமும் காலைக் குளிரில்தான் தெரியும்.

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே சென்றதும் பிள்ளைகள் கிணற்றுக்குக் கிணறு ஓடி, எது அதிகம் சுடுகிறது என்று வழக்காடத் தொடங்கினர். அவ்வேளை ஒரு குடும்பத்தினர் தம் சடங்கை முடித்து, ஈர உடையோடு அமைதியாக நின்றனர். பெரியவர்கள் சைகை காட்டவே பிள்ளைகள் அடங்கினர். அக்குடும்பம் நீராடி முடியும்வரை நாம் ஒதுங்கிக் காத்திருந்தோம்.

கன்னியாவில் கிணற்றுக்குள் இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளவேண்டும். இளைஞருக்கு இது எளிது. குனிய இயலாதவர் என் செய்வார்? முழங்கால் வலியோடு வந்த முதிய அம்மையார் ஒருவர் சுவரைப் பற்றியபடி நெடுநேரம் நின்றிருந்தார். நம்மோடு வந்த பள்ளி மாணவன் ஒருவன், எவரும் சொல்லாமலே, ஏழு கிணற்றிலும் மொண்டு அவர்மீது மெல்ல ஊற்றினான். "எந்த ஊர், தம்பி?" என்றார் அவர். "காரைக்கால், அம்மா" என்றான். "காரைக்கால் அம்மையாரின் ஊரா!" என்று அவர் இரு கைகளாலும் அவன் முகத்தைத் தடவினார். கடல்கடந்து வந்த நமக்கு அவ்விடத்தில் உறவு கிடைத்துவிட்டது.

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் பெத்சதா குளத்தை வாசகர்கள் அறிவீர்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவனின் குறை நீர் இல்லை என்பதன்று. நீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவன் முறையீடு. அவனுக்கு முன்னே இறங்கியவர்கள் தீயவர்கள் அல்லர், தத்தம் நலத்தை நாடியவர்கள், அவ்வளவே. பொது நீரண்டை நேரும் பிழை பெரும்பாலும் இத்தகையதே.

பிற நாட்டார் வழக்கம்

சூடான ஊற்றுள்ள ஒவ்வொரு நாட்டிலும் விருந்தினருக்கென ஓர் ஒழுங்கு உண்டு. சப்பானில் பொது வெந்நீர்த் தொட்டியில் இறங்குமுன் உடலைச் சோப்பிட்டு முற்றும் கழுவிக்கொள்ளவேண்டும். அடுத்தவர் அமரும் நீரை அழுக்காக்குவது பெருங்குற்றமாகக் கருதப்படும். நம் காரைக்கால் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் வாழும் பிரான்சு நாட்டிலோ, வெந்நீர் ஊற்று மருத்துவமனையைப் போன்றது. மருத்துவர் சீட்டின்பேரில் மூன்று வாரம் தங்கி, 18 நாள்கள் சிகிச்சை பெறுவர். செலவில் ஒரு பகுதியை அரசின் சமூகக் காப்பீடு ஏற்கும். விஷி நகரம் இத்தகைய ஊற்றுகளாலேயே புகழ்பெற்றது.

நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து மணிகரண் தனிச்சிறப்புடையது. அங்கே ஊற்றுநீர் கொதிநிலையை நெருங்கியிருப்பதால் அரிசியைத் துணியில் முடிந்து நீரில் தொங்கவிட்டே சோறு ஆக்குவர். அங்குள்ள சீக்கியர் குருத்துவாராவில் சாதி, சமயம் கேளாமல் வருவோர்க்கெல்லாம் உணவும் இடமும் அளிக்கின்றனர். உண்டவர்கள் தாமே எழுந்து பாத்திரம் துலக்குவதையும் காணலாம். விருந்தினர் வேலையில் பங்குகொள்ளும் அவ்வழக்கம் நம் பங்கு விழாக்களிலும் வேரூன்றவேண்டும்.

மரத்தடிக் கூடாரங்கள்

கூடாரமடித்துத் தங்க விரும்புவோர்க்கு மன்னார் மறைமாவட்டத்து மடுத் திருத்தலத்தினும் சிறந்த பள்ளி இல்லை. ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களரும் குடும்பம் குடும்பமாக வந்து, காட்டு மரங்களின் அடியில் கூடாரமிட்டுச் சமைத்து உண்டு, செபித்துத் தங்குவர். ஒரு கூடாரத்தில் தமிழ்ச் செபமாலை. அடுத்ததில் சிங்களப் பாடல். உப்போ தீப்பெட்டியோ தீர்ந்தால் மொழி தெரியாத அண்டையாரிடமே கையேந்தவேண்டும்!

அதே மரங்களின் அடியில் போர்க்காலத்தில் வீடிழந்தோர் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்தனர். 1999 நவம்பர் 20ஆம் நாள் இரவு எறிகணைகள் விழுந்து அவர்களுள் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவ்விடம் சென்று, இரு மொழி மக்களோடும் செபித்தார். அந்த மண்ணில் பாய் விரிப்பவர் இதனை நினைவிற்கொள்வது நன்று. நமக்கு இரண்டு நாள் மகிழ்வான கூடாரவாசம், பிறருக்கு ஆண்டுக்கணக்கில் வேறு வழியற்ற வாழ்வாக இருந்தது.

கன்னியாவும் வழக்கு வம்புகளுக்குத் தப்பவில்லை. அங்கிருந்த பிள்ளையார் கோயிலின் இடத்தில் பௌத்த தூபி எழுப்பும் முயற்சியை எதிர்த்துத் தமிழ் மக்கள் 2019 ஜூலையில் திரண்டனர். திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழியில் வந்துபோகும் நாம் அங்கே நின்று தீர்ப்புக் கூறத் தகுதியற்றவர்கள். ஆயினும் அது பலருக்கு உயிரினும் இனிய இடம் என்பதை உணர்ந்து, உரத்த சிரிப்பையும் கண்டபடி படம் எடுப்பதையும் தவிர்க்கலாம். சடங்கு செய்வோரை அவர்தம் இசைவின்றிப் படமெடுப்பது பெரும் பிழை.

பெற்றோர் கவனத்திற்கு

வெந்நீர் இரத்தக் குழாய்களை விரியச்செய்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆகவே இதய நோயாளிகள், இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே குளிக்கவேண்டும். சருக்கரை நோயால் பாதம் மரத்தவர்க்குச் சூடு தெரியாது. பிறர் கைவைத்துப் பார்த்த பின்னரே ஊற்றிக்கொள்ளட்டும். ஆறாத புண் உள்ளவர் தவிர்க்கவேண்டும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்தால் உயிருக்கே கேடு. இது அரிதெனினும், கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபாவால் விளையும் மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியதை அறிவோம். ஆகவே பிள்ளைகள் மூக்கில் நீர் ஏறாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். குளித்தபின் சற்று அமர்ந்து, குடிநீர் அருந்தியே புறப்படவேண்டும். கிணற்றடியில் சோப்பும் எண்ணெயும் ஆகா.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நிறுத்தப்படுவது உண்டு. திருகோணமலையிலும் அப்போது மழை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலமே ஏற்றது. மடுத் திருவிழாவும் அதற்குள்ளேயே வருகிறது.

விருந்தினர் ஒழுக்கம் நமக்குப் புதிதன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு இறுதியில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை நோக்கிக் காவியுடையில் நடந்துவரும் யாத்திரிகர் நம் காரைக்கால் சாலைவழியே செல்கின்றனர். கால் வெடித்து வருவோர்க்கு நாம் மோர் தருகிறோம், திண்ணை தருகிறோம், சிலர் வெந்நீரும் வைத்துக் கொடுக்கின்றனர். தங்கிய இடத்தைக் காலையில் கூட்டிவிட்டுச் செல்லும் யாத்திரிகரை நாம் மறுவருடமும் தேடுகிறோம். குப்பையை விட்டுச் செல்வோரையும் மறப்பதில்லை. நம்மிடம் வருவோர் எவ்வாறு நடக்கவேண்டும் என்று விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் பிறர் மண்ணில் நடப்போமாக.

எனவே குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் பையில் ஒரு மாற்றுடையும், ஒரு துவாலையும், கையோடு ஒரு சிறு வாளியும் எடுத்துச் செல்லுங்கள். அந்த வாளியை முதலில் உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து, குனிய இயலாத முதியவர் எவரேனும் அருகில் நிற்கிறாரா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். உங்கள் குளியல் அதன்பின் ஆகட்டும்.