ஏரிக்கரையில் ஒரு பாடம்

அரையாண்டு லீவில், "ஊசுடு ஏரிக்குப் போலாம்மா" என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். காருக்கு எங்கே போவது? பாகூரிலிருந்து புதுச்சேரி வந்து, வழுதாவூர் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறினோம். சொல்லி வைத்ததால் கண்டக்டர் ஏரிப்பக்கமே இறக்கிவிட்டார்.

2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் வரும். நாமக்கோழி, நீர்க்காகம் என்று பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை. இருட்டிவிட்டது, பஸ்ஸைக் காணோம். சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். புல்லுக்கட்டோடு வந்த ஓர் அம்மா, "தனியா நிக்காத கண்ணு, நானும் இருக்கேன்" என்று பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

தோழிகளே, தாராளமாகப் பஸ்ஸிலேயே போகலாம். ஆனால், இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!

- ஒரு வாசகி, பாகூர்.