ஒரு யூனிட் கரண்டில் மூன்றரை யூனிட் சூடு வெளியே..! பில் எகிறாமல் ஏ.சி. ஓட்டுவது எப்படி?

சேலம்:

பங்குனி பிறந்து விட்டால் போதும், செவ்வாய்ப்பேட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கும். லீ பஜாரில் மூட்டை இறக்கி விட்டு வீட்டுக்கு வந்தால், வீடும் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஃபேன் போட்டால் அனல் காற்றுதான் வரும். கைக்குழந்தையும், வயசானவங்களும் இருக்கிற வீட்டில் ராத்திரி தூக்கமே கிடையாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் தமிழக அரசு அறிவித்தது சும்மா இல்லை.

அதனால் இப்போது தவணையிலாவது ஒரு ஏ.சி. வாங்கி விடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் "பில் எகிறிடுமே" என்ற பயமும் கூடவே வருகிறது. அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொண்டால் பாதி பயம் போய்விடும்.

ஏ.சி. ஒரு சுமை தூக்கும் தொழிலாளி!

ஏ.சி. குளிர்ச்சியைத் தயாரிப்பது இல்லை. வீட்டுக்குள் இருக்கும் சூட்டைத் தூக்கிக் கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான். லாரியில் இருக்கும் வெல்ல மூட்டையை மண்டிக்குள் சேர்க்கிற தொழிலாளி மாதிரி. அவர் வெல்லம் காய்ச்சுவது இல்லை, இடம் மாற்றுகிறார்.

உள்ளே இருக்கும் குழாயில் ஓடும் கேஸ், அறையின் சூட்டை வாங்கிக் கொள்ளும். வெளியே இருக்கும் கம்ப்ரசர் அந்த கேஸை அழுத்தும். அழுத்தினால் கேஸ் இன்னும் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுமே, அதே கதைதான். அந்தச் சூட்டை அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் வெளியே தள்ளி விடும். பிறகு கேஸ் குளிர்ந்து மறுபடி உள்ளே வரும். இதற்குப் பெயர்தான் ஹீட் பம்ப், அதாவது 'சூட்டை இறைக்கும் பம்பு'.

1 டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் சுமார் 3.5 யூனிட் அளவு சூட்டை வெளியே தள்ளும். அதற்கு அது குடிக்கும் கரண்ட் சுமார் 1 யூனிட்தான். 'டன்' என்பது மெஷினின் எடை அல்ல. ஒரு நாள் முழுக்க ஒரு டன் ஐஸ் கட்டி உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ, அந்த அளவு.

திருப்பிப் போட்டால் ஹீட்டர்!

இதே மெஷினை உல்டாவாக ஓட்டினால் வெளியே உள்ள சூட்டை உள்ளே கொண்டு வரும். பனி கொட்டும் நார்வே நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்த ஹீட் பம்ப்தான் கணகணப்பு கொடுக்கிறது. டெல்லி பக்கம் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏ.சி. என்று விற்கிறார்கள். ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு இது சரி. நம்ம செவ்வாய்ப்பேட்டைக்கு இது தேவையே இல்லை. கூடுதல் பணம் கொடுத்து ஏமாறாதீங்க. சில ஏ.சி.யில் ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பட்டன் இருக்கும். ஆனால் மெஷினில் அந்த வசதி இருக்காது.

குளிக்க வெந்நீர் வைக்கவும் ஹீட் பம்ப் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்கு ஏற்ற சாதா கீசருக்கு சுமார் 3.5 யூனிட் ஆகும். ஹீட் பம்புக்கு ஒன்றே கால் யூனிட்டுக்குள் முடிந்து விடும். ஆனால் விலை அதிகம். நாலு பேர் குளிக்கிற வீட்டுக்குப் போட்ட காசு திரும்ப வருஷக்கணக்காகும். லாட்ஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரிக்கு லாபம்.

500 யூனிட்... உஷார்!

இப்போது பில் கணக்குக்கு வருவோம். இன்வெர்ட்டர் ஏ.சி.யை ராத்திரி 8 மணி நேரம் 24 டிகிரியில் ஓட்டினால் சராசரியாக 5 யூனிட் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 2 மாதத்துக்கு 300 யூனிட். வீட்டில் ஏற்கனவே 250 யூனிட் ஓடுகிறது என்றால் மொத்தம் 550.

இங்கேதான் சிக்கல். 500 யூனிட்டைத் தாண்டினால் அந்த 50 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். முதல் 100 யூனிட் மட்டும் இலவசமாக நிற்கும்.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு. 24-க்கு பதில் 27 வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓட விட்டால் 300 யூனிட்டில் 54 மிச்சம். மொத்தம் 496. தப்பித்தீர்கள்!

பக்கத்து வீட்டு ஜன்னல்

சந்துக்குள் வீடு இருந்தால் அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது என்று யோசிக்க வேண்டும். எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து மாட்டினால், உங்கள் வீட்டுச் சூடு அவர்கள் வீட்டுக்குள் போகும். ஏ.சி. வாங்க முடியாதவர்கள் அங்கே குழந்தையோடு படுத்திருப்பார்கள். சண்டையே வந்து விடும். அடைசலான இடத்தில் வைத்தால் தான் விட்ட அனலையே அது திரும்ப இழுக்கும். பில்தான் ஏறும். மொட்டை மாடியில், காற்று ஓடுகிற இடத்தில், நிழலாக வைப்பது நல்லது.

மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே இறங்கும் சூடு குறையும். மெஷினுக்கும் வேலை குறையும். ஏ.சி. இல்லாத வீட்டுக்கும் இது கைகொடுக்கும்.

கொலுசுப் பட்டறைக்காரர்கள் கவனிக்க...

வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இப்போது வரும் பல ஏ.சி.களில் ஆர்-32 என்ற கேஸ் இருக்கிறது. இது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. கசிந்து தீயில் பட்டால் விஷ வாயுவாக மாறும். அதனால் பற்ற வைக்கிற அறையில் ஏ.சி. வேண்டாம். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், படுக்கிற அறையில் மட்டும் ஏ.சி. மாட்டுங்கள்.

வருஷா வருஷம் 'கேஸ் தீர்ந்து போச்சு, நிரப்பணும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். முதலில் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் நிரப்பட்டும்.

மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் கணக்கு. ராத்திரி 8 மணி நேரம் என்றால் 200 நாள். கடையில் தள்ளுபடியைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த நம்பரைப் பாருங்கள்!