விமான நிலையச் சோதனை: கருவி எதைக் காணலாம், எதைக் காணக்கூடாது?

வாசுதேவநல்லூரிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குச் செல்பவர் புளியரைச் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அங்கு வாகனங்களைச் சோதிப்பதுண்டு. ஆனால் பேருந்திலுள்ள ஒவ்வொருவரையும் இறக்கிக் கைகளை விரிக்கச் சொல்லி, உடலைத் தடவிப் பார்ப்பது வழக்கமில்லை. அதே மனிதர் மதுரைக்குச் சென்று விமானம் ஏறுவதானால், பையையும் கைப்பேசியையும் தட்டில் வைத்துவிட்டு, ஒரு வாயில்சட்டத்தின் ஊடே நடந்து, காவலர்முன் கைகளை விரித்து நிற்க வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? இச்சோதனைக்கு எல்லை ஏதும் உண்டா?

சோதனை தோன்றிய கதை

ஓடும் பேருந்தில் ஆபத்து நேர்ந்தால் நிறுத்தி இறங்கிவிடலாம். பல ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் அதற்கு வழியில்லை. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டது. அதன் பின்னர் 1978 ஜனவரியில் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு நம் நாட்டில் அமைக்கப்பட்டது. அது 1987-இல் தனித்துறையாயிற்று. இதற்கிடையில் இரு துயரங்கள் நிகழ்ந்தன. 1984 ஆகஸ்டு 2 அன்று சென்னை மீனம்பாக்கத்தில் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து முப்பது பேருக்கும் அதிகமானோர் மாண்டனர். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது; அதன் சொந்தக்காரர் ஏறவில்லை.

ஆகவே சோதனை தேவையே. அது எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம்.

மூன்று கருவிகள்

முதலாவது, வாயில்சட்ட வடிவிலுள்ள மெட்டல் டிடெக்டர். அதன் கம்பிச்சுருள்களில் மாறும் மின்னோட்டம் பாய்வதால் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அதனுள் உலோகம் வந்தால், அவ்வுலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அதை உணர்ந்ததும் கருவி ஒலிக்கிறது. உலோகம் இருப்பதை இக்கருவி அறியும். அது கத்தியா, இடுப்புவாரின் கொக்கியா என்பதை அறியாது. உலோகமற்ற வெடிமருந்தும் இதற்குத் தென்படாது.

இரண்டாவது, பைகளைச் சோதிக்கும் எக்ஸ் கதிர்க் கருவி. இது இருவேறு ஆற்றலுடைய கதிர்களைச் செலுத்தி, பொருள்கள் அவற்றை எந்த அளவு உட்கவர்கின்றன என்று ஒப்பிடுகிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான தனிமங்களாலான பொருள்கள் திரையில் ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீல நிறத்திலும் தோன்றும். பாட்டி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயும் ஆரஞ்சு. வெடிமருந்துகள் பலவும் ஆரஞ்சு! அதனால்தான் சில பைகளைத் திறந்து பார்க்கிறார்கள்.

மூன்றாவது, உடலை வருடிக்காட்டும் கருவி. 2009 டிசம்பர் 25 அன்று ஒருவர் உள்ளாடையில் வெடிமருந்தை மறைத்துக்கொண்டு அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறிவிட்டார். அது சரியாக வெடிக்காததால் பயணிகள் தப்பினர். இதன்பின் இக்கருவிகள் பல நாடுகளில் விரைவாகப் பரவின.

உடலைக் காட்டாத படம்

இவற்றில் ஒரு வகை, உடலில் பட்டுச் சிதறித் திரும்பும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படம் எடுத்தது. ஆடையின்றி நிற்பது போன்ற உருவம் அதில் தெரிந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. மற்றொரு வகை, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளைப் பயன்படுத்துகிறது. இவ்வலைகள் துணியைக் கடந்து, தோலில் பட்டு எதிரொளிக்கும்.

இங்கேதான் ஒரு நல்ல மாற்றம் நேர்ந்தது. கிடைக்கும் தகவலை மனிதருக்குக் காட்டாமல் கணிப்பொறியே ஆராய்ந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவத்தின்மீது “இங்கே ஏதோ உள்ளது” என்று கட்டமிட்டுக் காட்டும்படி செய்தனர். அவ்வாறு மாற்ற இயலாத எக்ஸ் கதிர்க் கருவிகள் 2013-இல் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. தேடும் பொருளும் அகப்பட்டது. பயணியின் மானமும் காக்கப்பட்டது.

ஒரு நடனக் கலைஞரின் வேண்டுகோள்

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-இல் தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறியவர். விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் அக்காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்துக் காணொளி வெளியிட்டார். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனித மாண்பைக் காக்கும்பொருட்டுச் செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லலாகாது என்று கூறியது.

கழற்றாமல் எப்படிச் சோதிப்பது? அதற்கும் வழியுண்டு. ஒரு சிறு துணித்துண்டால் செயற்கைக்காலைத் துடைத்து, அத்துண்டைக் கருவியில் வைத்துச் சூடாக்குவார்கள். ஒட்டியுள்ள நுண்துகள்கள் ஆவியாகி அயனிகளாகின்றன. மின்புலத்தில் சிறிய அயனிகள் விரைந்தும் பெரியவை மெதுவாகவும் செல்லும். அவை கடந்துசெல்லும் நேரத்தை அளந்து, வெடிமருந்தின் துகள் உள்ளதா என்று கருவி சொல்லிவிடும்.

எல்லைக்கோடு எது?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு தேவைக்கு மிஞ்சலாகாது. பெண்களைத் திரைமறைவில் பெண் காவலரே சோதிப்பது இந்த அளவறிதலுக்கு எளிய எடுத்துக்காட்டு.

2022 டிசம்பரில் தொடங்கிய ‘டிஜி யாத்ரா’ முறையில் பயணியின் முகமே அடையாளச் சீட்டாகிறது. இதில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். இங்கே என்ன பார்க்கிறார்கள் என்பதோடு, எதைச் சேமித்து வைக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் பொறியாளராகி இத்தகைய கருவியொன்றை அமைக்க நேரலாம். அப்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள்: ஆபத்தை இது கண்டுபிடிக்குமா? அதற்குத் தேவைப்படாத எதையேனும் இது காட்டுகிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வரும்வரை உங்கள் வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள்.