பறவையைப் படம் பிடிப்போர் கூட்டை நெருங்கலாமா?

வார இறுதிக் காலைகளில் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவுக்குச் சென்றால், நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராக்களுடன் சிலர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பதைக் காணலாம். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். கழுவிப் பார்க்கும் வரை பறவை விழுந்திருக்கிறதா, வெறும் கிளை மட்டும் விழுந்திருக்கிறதா என்று தெரியாது. டிஜிட்டல் கேமரா வந்தபின் அந்தச் செலவும் கவலையும் போயின. இன்று வினாடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் தொடங்கலாம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைவான நேரமாக இருக்க வேண்டும். பறவையின் கண் தெளிவாக விழுந்தால் படம் பாதி தேறிவிட்டது. கடினமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது.

இருவாட்சிப் பறவையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சிங்கப்பூரை விட்டு மறைந்த இந்தப் பறவை, 1994ஆம் ஆண்டு உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. 2004இல் தேசியப் பூங்காக் கழகம், ஜூரோங் பறவைப் பூங்கா, ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து மரங்களில் செயற்கைக் கூடுகளை அமைத்தார்கள். அதன்பின் இப்பறவைகள் பெருகி, சாங்கி, பாசிர் ரிஸ் வட்டாரங்களில் அடுக்குமாடி வீட்டுக் கம்பியில்கூட வந்து உட்காருகின்றன.

முட்டையிடும் காலத்தில் பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துவிடும். ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும். ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு, தாய்க்கும் குஞ்சுகளுக்கும் அந்தப் பிளவு வழியாக ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதே உணவு. அத்திப்பழமோ பல்லியோ அலகில் ஏந்தி வரும் ஆண், மரத்தடியில் பத்துப் பேர் நின்றால் தயங்கி வேறு கிளையில் உட்காரும். படமெடுப்பவருக்கு அது அருமையான காட்சி. உள்ளே இருப்பவற்றுக்கோ சாப்பாடு தாமதமாகிறது. நாள் முழுவதும் ஆள் மாற்றி ஆள் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

இரையை அலகில் வைத்துக்கொண்டு ஒரு பறவை கூட்டுக்குப் போகாமல் காத்திருந்தால், தடை நாம்தான். உடனே பின்வாங்க வேண்டும்.

இதைவிட மோசமான பழக்கங்களும் உண்டு. கூடு நன்றாகத் தெரியட்டும் என்று சிலர் இலைகளையும் சிறு கிளைகளையும் ஒடித்துவிடுகிறார்கள். நிழல் போனதும் குஞ்சுகள் வெயிலில் வாடும். காகத்தின் கண்ணிலும் படும். வேறு சிலர் கைத்தொலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நினைத்து, அடைகாப்பதை விட்டுவிட்டு அது ஓடிவருகிறது.

இரை வைத்து இழுப்பது இன்னொன்று. 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டத்தின்கீழ், அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல்முறை சிக்கினால் 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. படத்துக்காகப் புழு வைப்பவரும் இதில் அடக்கம்.

கூடு இருக்கும் மரத்தைக் காட்டிக்கொடுக்கும் படத்தை, குஞ்சுகள் பறந்துபோன பிறகு நண்பர்களுக்கு அனுப்பினால் போதும். படத்தின் அழகு அதற்குள் குறைந்துவிடாது.

புதிதாகத் தொடங்குவோர் கூடுகளை விட்டுவிட்டு, வலசை வரும் பறவைகளிடம் போகலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடதிசைப் பகுதிகளிலிருந்து உள்ளான் வகைப் பறவைகள் சுங்கை பூலோவுக்கு வருகின்றன. நம் ஊரில் அவை கூடு கட்டுவதில்லை. இரை தேடவும் இளைப்பாறவும்தான் வருகின்றன. அங்குள்ள பார்வைக் குடில்களில் அமர்ந்தால் நம் நடமாட்டம் பறவைக்குத் தெரியாது. கிளம்புமுன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்ப்பது நல்லது. நீர் வடிந்திருக்கும்போது பறவைகள் தொலைவிலுள்ள சேற்றில் சிதறிக் கிடக்கும். நீர் ஏற ஏற அவை உள்குளங்களுக்கு வந்து, குடில்களின் முன்னேயே கூட்டமாக நிற்கும்.